வயலினை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் ஒட்டியவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இசை நிகழ்ச்சி நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும், திருவிழாவுக்கு இன்னிசை வைக்கும் கோயில் பரிபாலன சபையினருக்கும், இசைக்குழுப் பொறுப்பாளர்களுக்கும், பாடற் காணொளி எடுக்கும் தம்பிமாருக்கும்,

“ஆண் கலைஞர்கள் வாத்தியத்தோட நிக்கிற படம் அனுப்பவும். பெண் கலைஞர்கள் சேலையில சிரிச்ச முகமா ஒரு படம் அனுப்பவும்.”

இந்த வருடம் ஒரு கோயிலின் பூங்காவனத் திருவிழா இன்னிசைக்காகக் கலைஞர்களின் வட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் போட்ட அறிவித்தல் இது. அந்த நிகழ்ச்சியில் பெண்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் பாடுகிறவர். ஒரு பிள்ளை தபேலா. வயலினுக்கு நான். எங்கள் மூவரில் இரண்டு பேர் வாயே திறக்கப்போவதில்லை, கையால் வாசிக்கப்போகிறவர்கள் என்பது அறிவித்தல் போட்டவருக்கு நன்றாகத் தெரியும். எங்களை வாசிக்கக் கூப்பிட்டவரே அவர்தான்.

நான் வயலின் வாசித்துக்கொண்டிருக்கும் படத்தைத்தான் அனுப்பினேன். உடனே தனியாக ஒரு செய்தி வந்தது: “ரீச்சர், கொஞ்சம் முந்தின படம் ஏதும் இருக்கோ?” இல்லை என்று எழுதினேன். பனர் காங்கேசன்துறை வீதியில் கட்டப்பட்டபோது வயலினும் இல்லை, வில்லும் இல்லை, வயலினைப் பிடித்த கையும் இல்லை. தோளுக்கு மேலே முகம் மட்டும். வாசிக்கும்போது நாடி வயலினில் பதிந்து கழுத்து இடப்பக்கம் சரிந்திருக்கும். வயலினை எடுத்துவிட்டால், காரணமே இல்லாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண் மிஞ்சுவாள். அந்தப் பனரில் நான் அப்படித்தான் நின்றேன்.

பக்கத்தில் கிற்றார்காரத் தம்பி கிற்றாரோடு நின்றார். ஓர்கன் வாசிக்கும் அண்ணர் ஓர்கனோடு. ட்ரம்ஸ் வாசிப்பவர் இரண்டு குச்சியையும் தலைக்கு மேலே தூக்கியபடி, பின்னால் நெருப்பு எரிய. அவர்கள் எல்லோருடைய பெயருக்குக் கீழேயும் அவரவர் வாத்தியம் அச்சிடப்பட்டிருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் கீழே “பாடகி” என்று ஒரே சொல். தபேலா வாசிக்கும் பிள்ளை பொதுநிறத்திலும் கொஞ்சம் கறுப்பு. பனரில் அவள் மாவைப்போல வெளுத்திருந்தாள். அவளுடைய அம்மா எனக்குப் போன் எடுத்துக் கேட்டது ஒரே கேள்விதான்: “என்ர பிள்ளைக்கு என்ன குறையெண்டு ரீச்சர் நிறத்த மாத்தினவை?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஒரு பனருக்காக இவ்வளவு கோபமா என்று நினைக்கலாம். பனரோடு அது நிற்கவில்லை. அன்றிரவு மேடைக்குப் போனபோது, சவுண்ட்காரத் தம்பிமார் பனரைப் பார்த்துத்தான் மைக் போட்டிருந்தார்கள். ஆண்களின் வாத்தியங்களுக்கெல்லாம் கம்பி இழுத்து ஆயத்தமாக இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் பாட்டு மைக் மூன்று. தபேலாவுக்கு மைக் இல்லை. “நீங்க பாடகி எண்டெல்லே கிடந்தது தங்கச்சி” என்றார் அந்தத் தம்பி. அவரில் பிழையில்லை. முதல் இரண்டு பாட்டும் தபேலா யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது பாட்டுக்கு ஒரு பாட்டு மைக்கைச் சரித்துக் கட்டிச் சமாளித்தோம். அறிவிப்பாளர் அவளை மேடைக்கு அழைத்தது “எங்கள் அழகுச் செல்வம்” என்று. ட்ரம்ஸ் வாசித்தவரை அழைத்தது “தாள வேங்கை” என்று. அவள் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளை ஒவ்வொரு தரமாக எழுதி மேலே வந்தவள். வேங்கை, சிங்கம் எல்லாம் யாருக்கும் வேண்டாம். “தபேலா” என்று மூன்று எழுத்துச் சொன்னால் போதும் என்றுதான் அவளும் நினைத்திருப்பாள்.

படத்தில் பறிக்கப்பட்ட வாத்தியம் மேடையிலும் பறிக்கப்படும். நான் இந்த மடலை எழுதுவது இதைச் சொல்லத்தான்.

உங்களிடம் கேட்டபோது மூன்று பதில்கள் கிடைத்தன. முதலாவது, “டிசைன் செய்யிற பொடியன் செய்தது, எங்களுக்குத் தெரியாது.” ஆனால் பனர் அச்சுக்குப் போக முன்னர் உபயகாரரின் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று நீங்கள் நாலு பேர் பார்த்தீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உபயகாரருக்குக்கூட அனுப்பிக் காட்டினீர்கள். அந்தக் கண்களுக்கு எங்கள் வாத்தியம் இல்லாதது தெரியவில்லை என்றால், அது இருக்க வேண்டும் என்ற எண்ணமே உங்களுக்கு இருக்கவில்லை.

இரண்டாவது, “வயலின் முகத்த மறைக்குது.” வயலின் முகத்தை மறைக்காது. நாடிக்குக் கீழே இருக்கும் வாத்தியம் அது. மறைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஓர்கனுக்குப் பின்னால் நின்ற அண்ணரின் பாதி உடம்பு தெரியவில்லை. அவருடைய ஓர்கனை யாரும் வெட்டவில்லையே.

மூன்றாவது பதிலைத்தான் எல்லோரும் கடைசியில் சொல்கிறீர்கள். “சனம் வரவேணும் எல்லே ரீச்சர்.” இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1990இல் போரோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் வர விடவில்லை. பல வருடம் அப்படியே. அந்த நாட்களில் வளர்ந்த பிள்ளை நான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட சனம் நாங்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் சுற்றிவர இருந்து கேட்பார்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் பாட்டும் தளரும். அந்தப் பெட்டிக்குள் பாடிய பெண்கள் மெலிந்தவர்களா, மொத்தமா, கறுப்பா, சிவப்பா, வயதென்ன என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் அம்மம்மாவுக்கு கே. பி. சுந்தராம்பாளின் குரல் என்றால் உயிர். அந்த அம்மாவின் படத்தை அம்மம்மா பார்த்ததே வெகுகாலம் கழித்துத்தான். அதனால் குரலில் இருந்த மதிப்பு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கேட்கச் சனம் வந்தது. கை நோகப் பெடல் சுற்றி வந்தது. அந்தச் சனத்தின் பிள்ளைகளைப் பார்த்து, இவர்கள் வெளுத்த முகம் இருந்தால்தான் வருவார்கள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

இசைத்தட்டின் வரலாறே எங்கள் பக்கத்தில் பெண்ணின் குரலில்தான் தொடங்கியது. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கொம்பனிக்காரர் ஒலிப்பதிவு தொடங்கியபோது முதல் முதலில் பாடிப் பெயர் பெற்றவர்களில் பெரியவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லி முடிப்பார். இசைத்தட்டு அந்தக் காலத்தில் வெறும் கடதாசி உறையில்தான் வந்தது. உறையில் படம் போடும் வழக்கத்தை 1940 அளவில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்துக்கு வேலை செய்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற ஓவியர் தொடக்கிவைத்தார். 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவில் எம்.ரி.வி. என்ற பாடற் காணொளித் தொலைக்காட்சி தொடங்கியபின் பாட்டு என்றால் கூடவே ஒரு படமும் ஓட வேண்டும் என்றாகிவிட்டது. படம் வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படத்துக்குள் யாரை எப்படி நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

“உலகம் முழுக்க இப்படித்தான்” என்று நீங்கள் சொல்வது ஓரளவு உண்மை. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், அமெரிக்காவில் 2012 முதல் 2017 வரை பில்போர்ட் சஞ்சிகையின் வருட இறுதிப் பிரபல பாடல் பட்டியலில் இருந்த 600 பாடல்களை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். பாடியோரில் பெண்கள் 22.4 வீதம். எழுதியோரில் 12.3 வீதம். தயாரிப்பாளர் இருக்கையில், எண்ணப்பட்ட பாடல்களில், 2 வீதம்தான். காணொளிகளையும் உறைகளையும் பார்த்தால் பெண்கள் நிறைந்திருப்பதுபோலத் தெரியும். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தால் ஆளைக் காணக் கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் நான் வாசிக்கப் போன ஒலிப்பதிவுக் கூடங்களில் மேசைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்து நான் கண்டதில்லை. அதே கூடங்களில் இருந்து வெளிவரும் பாட்டுகளின் முகப்பில் மட்டும் பெண் இருக்கிறாள்.

எனக்கு நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். இங்கே எடுத்த ஒரு பாட்டுக்கு வயலின் நான் வாசித்தேன். இடையிசை முழுக்க வயலின்தான். காணொளி வந்தபோது அந்த இடத்தில் வேறொரு பிள்ளை கடற்கரையில் வயலினோடு நின்றாள். பாவம், அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. வயலினை வலத் தோளில் வைத்திருந்தாள். வில் தந்தியைத் தொடவில்லை. விரல் நுனிகள் மட்டும் வாத்தியத்தை மெல்ல வருடிக்கொண்டிருந்தன. முடி காற்றில் பறக்க அவள் கடலைப் பார்த்தாள். அதே பாட்டில் கிற்றார் வாசித்த தம்பி, தானே, தன் கிற்றாரோடு, சரியான சுரத்தில் விரல் வைத்து வாசித்துக்கொண்டு வந்தார். கீழே பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. உடை கொடுத்த கடையின் பெயரும் இருந்தது. வயலின் வாசித்தவர் பெயர் இல்லை.

விரல் நுனியால் வருடுவது என்று சொன்னேன் அல்லவா. எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1970களில் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களை அடுக்கி வைத்துப் பார்த்துச் சொன்னது இதைத்தான்: படங்களில் ஆண் பொருளை இறுகப் பிடிப்பான், வேலை செய்வான், பெண் அதை மெல்லத் தொட்டுக்கொண்டிருப்பாள். ஆண் நிமிர்ந்து நிற்பான். பெண் தலையைச் சாய்ப்பாள், உடம்பை வளைப்பாள். எங்கள் ஊர் ஸ்ரூடியோக்களில் அதை யாரும் படித்ததில்லை. ஆனாலும் நானும் என் மாணவிகளும் படமெடுக்கப் போகும்போதெல்லாம் கேட்பது “தலையக் கொஞ்சம் சரியுங்கோ பிள்ளை, கைய நாடியில வையுங்கோ” என்பதைத்தான். எங்களோடு வந்த மிருதங்கக்காரத் தம்பிக்குச் சொல்வது “கையக் கட்டுங்கோ, சிரிக்காதேங்கோ, கமராவ நேராப் பாருங்கோ.” அந்தத் தம்பி எந்நேரமும் சிரித்த முகம். அவருடைய பனர் படத்தைப் பார்த்தால் யாரோடோ அடிபடப் போகிறவர்போல இருக்கும்.

ஆண்களுக்கு நீங்கள் செய்வதையும் நான் கணக்கில் எடுத்துத்தான் எழுதுகிறேன். இங்கே இளந் தம்பிமார் எடுக்கும் காணொளிகளை என் மாணவர்கள் காட்டப் பார்த்திருக்கிறேன். இசை நல்ல இசை. தாளம் பிசகாது. சொற்களிலும் சிலநேரம் அருமையான எங்கள் ஊர்ப் பேச்சு வரும். ஆனால் படம்? மோட்டார் சைக்கிள் நாலைந்து, கறுப்புக் கண்ணாடி, புகை, கையில் வாள். வாள்வெட்டு எங்களுக்குக் கதையில்லை. இரவில் கேற்றைக் கொத்திவிட்டுப் போனதை என் அயலில் கண்டிருக்கிறேன். அந்த வீட்டுக் கிழவி இன்றைக்கும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு இருக்கிறா. அந்த வாளைத்தான் நீங்கள் பாட்டின் அழகுக்காகப் பொடியன்களின் கையில் கொடுக்கிறீர்கள். வாள் பிடிக்காத, வண்டி ஓட்டாத ஆண் உங்கள் காணொளியில் ஒருவர் இருந்தால், அவர் சிரிப்புக் காட்ட வந்தவராக இருக்கிறார்.

பெண்ணைக் காட்டுவது இன்னும் மோசம். அவள் ரியூசன் முடிந்து சைக்கிளில் போவாள். அவன் பின்னால் வருவான். அவள் திரும்பி முறைப்பாள். அவன் இன்னும் கிட்ட வருவான். கடைசிச் சரணத்தில் அவள் சிரிப்பாள். உங்கள் கதை அங்கே முடிந்துவிடும். என் வகுப்புக்கு வரும் ஒழுங்கையில் அது முடிவதில்லை. ஒரு பிள்ளைக்குப் பின்னால் இரண்டு பேர் விடாமல் வந்ததால் அவளுடைய வகுப்பை மாலையில் இருந்து காலைக்கு மாற்றினேன். பிறகு அண்ணன் கொண்டுவந்து விட்டான். பிறகு அவளுடைய அப்பா “சங்கீதம் காணும்” என்று நிற்பாட்டிவிட்டார். நன்றாக வாசித்த பிள்ளை. அவள் ஒருநாளும் சிரிக்கவில்லை.

சங்கீதம் படிக்கும் ஆண் பிள்ளைகளையும் கேளுங்கள். சாதாரண தரத்துக்கு அழகியல் பாடம் தெரிவு செய்யும்போது கர்நாடக சங்கீதமோ நடனமோ எடுக்கும் பையனை வகுப்பில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். என்னிடம் வந்த ஒரு தம்பிக்கு வீணை மேல்தான் ஆசை. தேன்போல வாசிப்பான். பள்ளிக்கூட வாணி விழாவில் வாசிக்கக் கேட்டபோது மாட்டேன் என்றுவிட்டான். “பொம்பிளையளின்ர வாத்தியம் எண்டு பகிடி பண்ணுவாங்கள் ரீச்சர்.” அவன் பார்க்கும் பனரிலும் காணொளியிலும் மென்மையாக ஏதும் வாசிக்கும் ஓர் ஆணை அவன் கண்டதே இல்லை. கண்டிருந்தால் அவன் அன்று மேடை ஏறியிருப்பான் என்றுதான் நான் நம்புகிறேன்.

இந்தப் பிரிவினை உங்களில் தொடங்கியதில்லை என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் கோயில்களில் பெரியமேளம் என்றால் நாதஸ்வரமும் தவிலும். ஆண்கள் வாசித்தார்கள், சனம் கேட்டது. சின்னமேளம் என்றால் பெண்கள் ஆடினார்கள், சனம் பார்த்தது. ஆறுமுக நாவலர் காலத்தில் இருந்தே அதை எதிர்த்து எழுதினார்கள், பேசினார்கள். கடைசியில் சின்னமேளம் நின்றும் போனது. ஆடிய பெண்களை மேடையில் இருந்து இறக்கினோம். பார்த்த கண்ணை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கண் இன்றைக்கும் அதே இடத்தில் இருந்து பார்க்கிறது. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் ஹரிஹரன் பாட வந்த இரவை நினைத்துப் பாருங்கள். சனம் தடுப்புகளைத் தாண்டி உள்ளே பாய, நிகழ்ச்சி இடையில் நின்றது. அடுத்த நாள் சந்தையில், பஸ்ஸில், தேநீர்க் கடையில் எல்லாம் கதை வந்திருந்த நடிகைகளைப் பற்றித்தான். அவ்வளவு பெரிய பாடகர் என்ன பாடினார் என்று சொல்ல நான் சந்தித்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு “பாருங்கோ, பொம்பிளையள் மேடை ஏறினா இப்படித்தான்” என்றோ, “அவையின்ர உடுப்புத்தான் பிழை” என்றோ யாரும் வர வேண்டாம். பெண்களின் உடுப்பைப் பற்றி இதில் நான் ஒரு சொல்லும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். பட்டுச் சேலை கட்டிப் பூ வைத்து மேடையில் இருப்பது எனக்குப் பிடிக்கும். ஜீன்ஸ் போட்டு ஒக்டபாட் வாசிக்கும் பிள்ளையையும் பிடிக்கும். சேலையோ ஜீன்ஸோ, கையில் இருக்கும் வாத்தியத்தை விட்டுவையுங்கள் என்பதுதான் என் வழக்கு.

உங்கள் பனர் எல்லாவற்றிலும் மேல் மூலையில் சரஸ்வதியின் படம் இருக்கிறது. நன்றாகப் பாருங்கள். அம்மாளின் கையில் வீணை இருக்கிறது. ஒரு கை மெட்டில், மறு கை தந்தியில். வாசித்துக்கொண்டிருக்கிறா. எந்தப் பரிபாலன சபையும் அந்த வீணை முகத்தை மறைக்கிறது என்று வெட்டச் சொன்னதில்லை. அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் எங்கள் பிள்ளைகள் வயலினையும் தபேலாவையும் கையில் எடுக்கிறார்கள்.

பெண் வாசிப்பதைச் சனம் ஏற்காது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. மதுரையில் எம். எஸ். பொன்னுத்தாய் நாதஸ்வரத்தை எடுத்து ஊர் ஊராக வாசித்தபோது கேட்கச் சனம் கூடியது. சுகன்யா ராம்கோபால் கடம் வாசிக்கத் தொடங்கியபோது அது பெண்ணுக்குரிய வாத்தியமல்ல என்றார்கள், வாசித்துக் காட்டினார். வயலின்காரர் ஏ. கன்னியாகுமரிக்கு 2016இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வயலினும் மிருதங்கமும் வீணையும் படித்து வெளியேறிய பெண்கள் யாழ்ப்பாணத்தின் பாடசாலைகள் பலவற்றிலும் இருக்கிறார்கள். நீங்கள் மேடை ஏற்றும் ஆண் கலைஞர்களில் எத்தனையோ பேருக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தவர்கள் இந்த ரீச்சர்மார்தான். பனரில் அந்த மாணவர் வாத்தியத்தோடு நிற்பார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவருக்குச் சேலையில் சிரித்த முகம் கேட்கிறீர்கள்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலை நரைத்த வித்துவான்களை நரையோடே போடுகிறீர்கள். அது சரி, அந்த நரைக்கு மரியாதை உண்டு. எங்களிடம் மட்டும் ஏன் “முந்தின படம்” கேட்கிறீர்கள்? என் குருவின் வயதுடைய ஒரு பாட்டு ரீச்சர், பழைய படம் இல்லை என்று சொன்னதால், பனரில் பெயரோடு மட்டும் விடப்பட்டார். படம் இருந்த இடத்தில் ஒரு தாமரைப் பூ. நாற்பது வருடம் பாடிய குரலுக்கு முகமே இல்லாமல் போனது.

இனி நான் கேட்பவை.

வாத்தியம் வாசிக்கும் ஒவ்வொருவரையும், ஆணோ பெண்ணோ, வாத்தியத்தோடு போடுங்கள். பெயருக்குக் கீழே வாத்தியத்தின் பெயரை எழுதுங்கள். படம் கேட்டு அறிவித்தல் போடும்போது எல்லோருக்கும் ஒரே வசனமாகப் போடுங்கள். நிறத்தை மாற்றாதீர்கள், முகத்தை மெலிய வைக்காதீர்கள், கேட்காமல் பழைய படத்தைத் தேடி எடுத்துப் போடாதீர்கள். அச்சுக்குப் போக முன்னர் பனரை உபயகாரருக்கு அனுப்புவதுபோல அதில் இருக்கும் கலைஞர்களுக்கும் அனுப்பி, சரி என்று கேட்டபிறகு அடியுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மேடையில் அறிவிப்புச் செய்பவர்களுக்கு ஒவ்வொருவரையும் எப்படி அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பெயர், வாத்தியம், குரு. அழகைப் பற்றி ஒருவரும் பேச வேண்டாம். சவுண்ட்காரருக்குப் பனரைக் காட்டாமல், யார் என்ன வாசிக்கிறார் என்ற பட்டியலை முதல் நாளே கொடுங்கள்.

பாடற் காணொளி எடுக்கும் தம்பிமாரே, உங்களிடம் கேட்பது கொஞ்சம் பெரிது. வாசித்தவரையே வாசிக்கிறவராகக் காட்டுங்கள். முடியாவிட்டால், வாத்தியத்தை எப்படிப் பிடிப்பது என்று நடிக்க வரும் பிள்ளைக்கு அரை மணித்தியாலம் சொல்லிக் கொடுக்க எங்களைக் கூப்பிடுங்கள். நான் காசு கேட்காமல் வருவேன். ஏற்கனவே வெளியிட்ட பாட்டுகளின் கீழே விடுபட்ட பெயர்களைச் சேருங்கள். யூரியூப்பில் அது இரண்டு நிமிட வேலை. வாளைக் கீழே வையுங்கள். மறுக்கும் பெண்ணைப் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டுவதை விடுங்கள். உங்களிடம் நல்ல இசை இருக்கிறது, நல்ல தமிழ் இருக்கிறது. வயல், கடல், பனை, கடை, வேலை, வீடு என்று காட்ட ஊரில் எவ்வளவோ கிடக்கிறது. அவற்றுக்குள் உங்களை, நீங்கள் உள்ளபடி, சிரிக்கிறவர்களாகவும் அழுகிறவர்களாகவும் காட்டுங்கள்.

மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீதியில் பனர் கட்ட நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள், கட்டணம் வாங்குகிறீர்கள். வாளும் மதுப் போத்தலும் உள்ள படங்களுக்கு அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். மது விளம்பரத்தை 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் ஏற்கனவே தடுத்திருக்கிறது.

இந்த வருட நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்கு: தபேலா வாசித்த பிள்ளையிடமும் அவளுடைய அம்மாவிடமும் நேரே போய் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் முகநூல் பக்கத்தில் இன்னும் கிடக்கும் அந்தப் படத்தை எடுத்துவிட்டுச் சரியான படத்தைப் போடுங்கள்.

மார்கழி முடிவதற்குள், தைப்பொங்கல் நிகழ்ச்சிகளுக்குப் பனர் அடிக்கத் தொடங்க முன்னர், எங்களோடு ஒரு கூட்டம் வையுங்கள். பெண் வாத்தியக் கலைஞர்கள், சங்கீத ரீச்சர்மார், டிசைன் செய்யும் தம்பிமார், சவுண்ட்காரர், நீங்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து பேச வேண்டும். இடமும் நாளும் நீங்களே சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்